ராக்காயி நேந்த கிடா

செத்துப்போச்சு டாக்டரம்மா. நீங்க பாக்க வந்த கிடா செத்து இன்னியோட பதினோரு நாளாச்சு. அந்தா, தாழம்புதர் கிட்ட மணல் மேடா தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் கெடக்கு. பாவம், நீங்க அளக்குற நாடா, ரத்தம் எடுக்குற பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்து வந்திருக்கீங்க. கோவிச்சுக்கிறாதீங்க. அக்கரையில ஒருத்தருக்கும் தெரியாது, நான் சொல்லல. வள்ளம் ஓட்டுற இன்னாசிக்கே தெரியாது, பாத்துக்கங்க.

உக்காருங்க. இப்ப உடனே திரும்ப முடியாது. கடல் வத்திக் கெடக்கு, வள்ளம் தரை தட்டி நிக்கிது. தண்ணி ஏற மூணு மணி நேரம் ஆகும். அந்தப் பலகையில உக்காருங்க, இருங்க இருங்க, புழுக்கை கெடக்கு, தட்டி விடுறேன். இங்க ஆள் வந்து உக்காந்து நாளாச்சு. கருப்பட்டிக் காப்பி போடவா? தண்ணி லேசா உவர்க்கும், எங்களுக்குப் பழகிப்போச்சு.

எங்களுக்குங்கிறேன் பாருங்க. நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

முந்தி இந்தக் கொம்படித் தீவுல எட்டு வீடு. எட்டு வீட்லயும் ஆடு. புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு ஒரு வீடு போச்சு, நல்ல தண்ணி வேணும்னு ஒரு வீடு போச்சு, பிரசவத்துக்கு அக்கரைக்குத் தூக்கிட்டுப் போகையில வள்ளத்துலயே ஒரு உசுரு போச்சு, அதுல ரெண்டு வீடு போச்சு. மத்தவங்களும் ஒவ்வொருத்தராப் போயி, கடைசியா நானும் எம்பொஞ்சாதி ராக்காயியும்தான். ஒத்தப் பொண்ணு சத்தியபாமா, அவளையும் அக்கரையில பனங்குடாவுல கட்டிக்குடுத்தாச்சு. இப்ப ராக்காயியும் அங்கதான் இருக்கா. மூணு வருசமாச்சு. சண்டையான்னு கேட்டா சண்டை இல்ல. கிடா. எல்லாம் இந்தக் கிடாதான்.

ஆடுகளப் பாருங்க. சின்னதா, செம்பு நிறத்துல, காது மூளியா இருக்கும். அக்கரைக்காரன் பாத்தா "என்ன பூவலிங்கண்ணே, நாய் மேய்க்கிறியா"ன்னு கேலி பண்ணுவான். போடா மயிராண்டின்னுருவேன். மன்னிச்சுக்கங்க, வாய் அப்படி. அவன் ஆட்டை இங்க கொண்டாந்து விடச் சொல்லுங்க, ரெண்டே நாள்ல கழிஞ்சு செத்துப்போகும். இதுக உப்பு மண்ணுல மொளைக்கிற உமரிச்செடியத் தின்னுட்டு, ஊத்துல கெடக்குற உப்புத்தண்ணியக் குடிச்சுட்டு, கடல் வத்துனா இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கிப் பாசி மேயும். ஆடு கடல்ல மேஞ்சு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? உங்க காலேஜுல இருந்து முந்தி ஒரு சார் வந்தாரு, சாந்தமூர்த்தின்னு, கண்ணாடி போட்டவரு. அவருதான் சொன்னாரு, "பூவலிங்கம், இந்த வகை வேற எங்கயும் இல்ல. இங்க அத்துப்போனா அத்துப்போனதுதான்"னு. அந்த வார்த்தை எந்தலையில ஏறி உக்காந்துக்கிருச்சு. இறங்கவே இல்ல.

தாயாடு நாப்பத்திரெண்டு இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒத்தக் கிடா. என்னா கிடாங்கிறீங்க! கொம்பு ரெண்டும் பின்னால வளைஞ்சு, நெஞ்சு இப்படி, நடந்து வந்தா ஊர்த்தலைவரு வாரமாதிரி இருக்கும். மத்த கிடாக்குட்டிய எல்லாம் வித்துருவேன், இத மட்டும் வச்சுக்கிட்டேன். ஒன்னுன்னாலும் சுத்தமா இருக்கணும்ல.

இப்ப அந்தப் புயலுக்கு வாரேன். கார்த்திகை மாசம். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து தீந்துபோச்சுன்னு நான் தனியா வள்ளத்த எடுத்துக்கிட்டு அக்கரைக்குப் போனேன். போகாதீங்க, வானம் ஒரு மாதிரி இருக்குன்னா ராக்காயி. பொம்பளைக எப்பயும் சொல்றதுதானன்னு போயிட்டேன். திரும்புறப்ப வாடைக்காத்து பிடிச்சு ஒரு சாத்துச் சாத்துச்சு பாருங்க, எஞ்சின்ல தண்ணி ஏறி நின்னுபோச்சு. மூணு நாள். மூணு நாள் நடுக்கடல்ல கெடந்தேன். கையில இருந்த சட்டியால தண்ணிய இறைச்சு இறைச்சு உள்ளங்கை தோல் உரிஞ்சுபோச்சு. கடைசியில யாரோ வெளியூரு விசைப்படகுக்காரங்க கண்டு, கட்டி இழுத்துக் கொண்டாந்து விட்டாங்க. என் கையி இறைச்சுச்சு, அவங்க கயிறு இழுத்துச்சு. இதுல சாமி எங்கிட்டு வந்துச்சுன்னு நான் கேக்குறேன்.

கரையேறி வந்து பாத்தா, ஆடு பூராம் பட்டியிலயே கத்திக்கிட்டுக் கெடக்கு. மூணு நாளா தொறந்துவிடல அவ. தண்ணி காட்டல. ஒரு குட்டி செத்தே போச்சு. ஏன்டி இப்படிப் பண்ணினன்னு கேட்டா, கரைய விட்டு நகரலையாம். அந்தா அந்தப் பாறை இருக்குல்ல, அதுலயே உக்காந்திருக்கா, மூணு நாளும். மழையில. கேட்டீங்களா கூத்த? கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்தா வள்ளம் வந்துருமா? ஆடு பட்டினி கெடக்குறது தெரியவேண்டாமா? நல்லா ஏசிவிட்டேன். அவ என் உள்ளங்கையப் பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா.

சுடுகஞ்சி குடுத்தா, குடிச்சேன். குடிச்சு முடிச்சதும் சொல்றா, "கிடாய முனியய்யாவுக்கு நேந்துக்கிட்டேன். மாசி மாசம் குடுத்துரணும்"னு. சரி, எந்தக் கிடான்னேன். "நம்மகிட்ட இருக்கது ஒரு கிடாதான"ங்கிறா.

கஞ்சிச் சட்டியத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன் டாக்டரம்மா. ஒத்தக் கிடா! வகையே அதுல நிக்கிது! அடியே, ரெண்டு கோழிய நேரக்கூடாதா, ஒரு தாயாட்டை நேரக்கூடாதா, மணி வாங்கிக் கட்டுறேன்னு நேரக்கூடாதான்னு கத்துனேன். அதுக்கு அவ சொல்றா, "நான் கேட்டது பெருசு. குடுக்கது மட்டும் சின்னதா இருக்கலாமா?" பெருசாம்! என்ன பெருசு, சொல்லுங்க. அம்பத்தெட்டு வயசு, ஆட்டுக்காரன், பல்லுல பாதி இல்ல. அதுக்கு இந்தக் கிடாவா? கணக்குத் தெரியாத பொம்பள.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாதுல்ல. ஒரு கிடாய இன்னதுன்னு அடையாளம் சொல்லி நேந்துட்டா, அந்தக் கிடாதான் போகணும். மாத்தக்கூடாது, விக்கக்கூடாது. நேந்தவங்களே கயித்தப் பிடிச்சுக் கொண்டுபோயி நிறுத்தணும். குடுக்காம வச்சிருந்து அது தானாச் செத்துப்போச்சுன்னா, யாரு உசுருக்காக நேந்ததோ அந்த உசுர சாமி எடுத்துக்கிரும்பாங்க. எனக்கு நம்பிக்கை கிடையாது. சும்மா வழக்கத்தச் சொல்றேன்.

நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. சிரிக்கக்கூடாது. சந்தையில அதே நிறத்துல ஒரு அக்கரைக் கிடாய வாங்கிக் கொண்டாந்தேன். காதை மூளியா நறுக்கி, எங்க ஆட்டுக்குப் போடுற அடையாள வெட்டையும் போட்டேன். புண்ணு ஆற ஒரு மாசம் தாழம்புதருக்குப் பின்னால கட்டி வச்சேன், அவ கண்ணுல படாம. அக்கரையில முனியய்யாவுக்கு மாசிக்களரித் திருவிழா வந்துச்சு. நம்ம கிடாயப் புதர்ல மறைச்சுக் கட்டிட்டு, நான் முன்னாடியே இத வள்ளத்துல ஏத்திட்டுப் போயி, கழுத்துல மாலையப் போட்டு, மஞ்சளை அள்ளிப் பூசி நிறுத்திட்டேன். மஞ்சள் பூசிட்டா எந்தக் கிடாவும் ஒரே மாதிரிதான இருக்கும்.

வெட்டுறதுக்கு முன்னால தலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. கிடா உடம்பைச் சிலுப்பித் துலுக்கணும். துலுக்குனாத்தான் சாமி உத்தரவு குடுத்துச்சுன்னு அர்த்தம். பூசாரி ஒரு செம்பு ஊத்துனாரு. கிடா அப்படியே நிக்கிது. ரெண்டு செம்பு. நிக்கிது. ஒரு குடம் ஊத்தியாச்சு, சனியன் கண்ணை மூடிக்கிட்டுச் சுகமா நிக்கிது! வெயிலுக்கு இதமா இருந்துருக்கும்போல. ஊரே சுத்தி நின்னு பாக்குது. கொட்டடிக்கிறவன் கை ஓஞ்சுபோச்சு. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்ன ராக்காயி குனிஞ்சு கிடாவோட காதைத் தடவிப் பாத்தா. வெட்டு புதுசு, தழும்பு இளசா இருந்திருக்கும். அப்படியே கயித்தக் கீழ போட்டுட்டா.

எங்க ஆடுன்னா தண்ணி பட்ட உடனே துலுக்கும். தினம் கடல்ல இறங்கி ஏறுறது, துலுக்காம என்ன செய்யும்? அது அக்கரைக் கிடா, அதுக்கு அந்தப் பழக்கம் இல்ல. இதத்தான் அவகிட்டச் சொன்னேன். சாமியும் இல்ல பூதமும் இல்ல, பழக்கம்டின்னு. அவ காது குடுக்கல. "சாமிய ஏமாத்துனத விடுங்க. என்னைய ஏமாத்திட்டீங்களே"ன்னா. சத்தமே போடல. நேரா மக வீட்டுக்கு நடந்துட்டா. நான் வள்ளத்துல உக்காந்து பொழுது சாயுற மட்டும் பாத்தேன். மகதான் வந்து சொல்லிட்டுப் போனா. "நம்ம கிடா என்னிக்குக் கோயிலுக்குக் கரையேறுதோ அன்னிக்கு அம்மா தீவுக்கு வருமாம், அப்பா"ன்னு.

சரி போ, எத்தனை நாளைக்கு இருப்பன்னு நானும் விட்டுட்டேன். எனக்கு வீம்பு. அவளுக்கு வீம்பு. மூணு வருசம் ஓடிப்போச்சு. நான் அக்கரையவே மிதிக்கல. அரிசி, பருப்பு, பீடி எல்லாம் இன்னாசி கொண்டாந்து போட்டுருவான். பேத்திக்குக் காது குத்துனாங்க, போகல. ஆட்டை யாரு பாக்குறது? சொல்லுங்க, யாரு பாக்குறது?

கிடாய ஒரேயடியாக் குடுக்கமாட்டேன்னும் நான் சொல்லல. அதுக்கு வாரிசா சுத்தமான ஒரு கிடாக்குட்டி பொறக்கட்டும், பெருச அன்னிக்கே குடுத்துர்றேன்னு சொல்லிவிட்டேன். நியாயந்தான? மொத ஈத்துல பூராம் பெட்டைக்குட்டி. அடுத்த ஈத்துல ஒரு கிடாக்குட்டி, நல்லாத்தான் இருந்துச்சு, வால் நுனியில நாலு வெள்ளை முடி. இது சுத்தமில்லன்னு வித்துட்டேன். அதுக்கடுத்த ஈத்துல பொறந்தான் பாருங்க, அந்தா, மேடு மேல நிக்கிறான், உங்களையே முறைச்சுக்கிட்டு. ஒரு குத்தம் சொல்லமுடியாது. அப்ப அவ சொல்லிவிட்டா, குட்டிதான் வந்துருச்சுல்லன்னு. கொம்பு விடட்டும்னேன். கொம்பு விட்டுச்சு. தாயாடு சேரட்டும்னேன். சேந்துச்சு. தாயாடு குட்டி போடட்டும், எப்படிப் போடுதுன்னு பாப்போம்னேன். போன மாசியில அதுவும் போட்டுருச்சு, பன்னெண்டும் செம்புக்குட்டி.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. போன மாசியிலயே குடுத்திருக்கலாம். வகைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. குடுக்க மனசு வரல. அவளும் போயிட்டா டாக்டரம்மா, இங்க எங்கூடப் பேச யாரு இருக்கா? காலையில எந்திரிச்சா அந்தக் கிடாதான் வாசல்ல நிக்கும். காத்து எப்படி இருக்குடான்னு கேப்பேன். சோறு குழைஞ்சுபோச்சுடாம்பேன். ஒருக்கா காய்ச்சல்ல கெடந்தப்ப பாயில வந்து முட்டி முட்டி எழுப்புச்சு. தனியா இருக்கது கொடுமை. நாலு நாள் யார்கிட்டயும் பேசாம இருந்துட்டு, அஞ்சாம் நாள் பாசி எடுக்குற பொம்பளைக வந்து அண்ணேன்னு கூப்பிட்டா, எனக்குக் குரலே வராது. செருமிச் செருமித்தான் பேசணும். கிடாயக் குடுத்தா அவ வருவா, சரி. குடுத்த அன்னிக்கே வருவாளா? வராமப் போயிட்டா? ரெண்டும் இல்லாம நான் என்ன செய்ய? அந்தப் பயந்தான். இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

அது செத்த கதையையும் சொல்லிர்றேன். வயசாகிப்போச்சு அதுக்கு, பல்லு விழுந்துருச்சு. கடல் வத்துனப்ப மத்ததுக கூடப் பாசி மேய இறங்குச்சு. தண்ணி ஏறுனதும் எல்லாம் கரைக்கு வந்துருச்சு, இது மட்டும் வரல, நெஞ்சளவு தண்ணியில அப்படியே நிக்கிது. நான் இறங்கித் தூக்கிக்கிட்டு வந்தேன். கனமே இல்ல, வெறும் கூடு. மணல்ல விட்டேன். காலை ஊனி நின்னு, உடம்பைச் சிலுப்பி ஒரு துலுக்குத் துலுக்குச்சு பாருங்க, எம்மேலெல்லாம் தண்ணி. பூசாரி முன்னால துலுக்குறமாதிரி. பிறகு படுத்துருச்சு. மடியில தலைய வச்சுக்கிட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள போயிருச்சு.

நனைஞ்ச ஆடு துலுக்கத்தான் செய்யும். நான் நம்பமாட்டேன். எனக்குப் பயமெல்லாம் ஒன்னும் கிடையாது. இந்தப் பதினோரு நாளா கடல்ல கால் வைக்கலதான். அது காத்து சரியில்ல, அதனால.

ஆனா அவளுக்குத் தெரிஞ்சா? கிடா கரையேறுனா வருவேன்னு சொன்னவ. இனிமே ஏற கிடா எங்க இருக்கு? அவ வர்றதுக்கு இருந்த ஒரு வழியும் அந்த மணலுக்குள்ள போயிருச்சு. சாமி குத்தம் வந்துருச்சுன்னு அங்கயே விழுந்துருவா. அதான் சொல்லல. கிடா இருக்குன்னு அவ நினைச்சுக்கிட்டு இருந்தா, என்னிக்காச்சும் வருவான்னு நானும் நினைச்சுக்கிட்டு இருக்கலாம்ல.

வரும்போது கரையில ஒரு பொம்பள உங்ககிட்ட வந்து பேசியிருப்பாளே? ஒல்லியா, மூக்குத்தி ரெண்டு பக்கமும்? ஆங், அவதான். அவதான் ராக்காயி. தீவுக்குப் போற வள்ளம் ஒன்னு விடமாட்டா. பாசிப் பொம்பளைக போனாலும் சரி, நண்டு பிடிக்கிறவன் போனாலும் சரி, மறிச்சுக் கேப்பா. என்ன கேட்டா, நானே சொல்றேன். கிடா நல்லாருக்கான்னு கேட்டிருப்பா. கேட்டாளா இல்லையா? பாத்தீங்களா! மூணு வருசமா இதே கேள்விதான். கிடா நல்லாருக்கா, கிடா மெலிஞ்சிருக்கா. அந்த மனுசன் இருக்கானா செத்தானா, ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? பாசிப் பொம்பளைகளே கேலி பண்ணுதுக, "அண்ணே, மதினிக்கு உன்னையவிட உன் கிடாதான் உசத்தி"ன்னு. எப்படி இருக்கும் எனக்கு? முப்பத்திநாலு வருசம் குடும்பம் நடத்துனவ. அந்த முனியய்யாவுக்குப் பயந்து கிடாய விசாரிக்கிறா, எனக்கு ஒரு விசாரணை இல்ல.

என்ன? வேற என்னமோ கேட்டாளா? சொல்லுங்க, கேப்போம். கையப் பிடிச்சுக்கிட்டாளா? சரி. நீங்க டாக்டருதான, நல்லாப் பாத்துட்டு வாங்கன்னாளா? சரி.

இருமல் நின்னுருச்சான்னா?

கிடாவுக்கு இருமல் நின்னுருச்சா, வாடைக்காத்து வந்தா நெஞ்சைப் பிடிக்குமே, அதுக்கு மருந்து குடுங்கன்னு சொன்னாளா? உங்ககிட்டயா சொன்னா? இந்த வார்த்தையத்தானா?

டாக்டரம்மா, அந்தக் கிடா ஒரு நாள் இருமுனதில்ல. குட்டியில இருந்து சாகுறவரைக்கும் ஒரு செருமல் கிடையாது. மூணு நாள் உப்புத்தண்ணியக் குடிச்சுட்டு வந்து, அன்னியில இருந்து இருமுறவன் நான். வாடைக்காத்து வந்தா எனக்குத்தான் நெஞ்சைப் பிடிக்கும். நான் எந்திரிச்சு உக்காந்து இருமுனா, அவதான் எந்திரிச்சு முதுகத் தேச்சு விடுவா.

இல்ல, ஒன்னும் இல்ல. கண்ணுல மணல் விழுந்துருச்சு. அட, மணலும் இல்ல ஒன்னும் இல்ல, அழுகைதான். விடுங்க.

மூணு வருசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாளா? பாசிப் பொம்பளைக வந்து கேக்குறப்பயெல்லாம், அதுக்கென்ன, நல்லாத் தின்னுட்டுக் கொழுத்துப்போயி கெடக்குன்னு சொல்லிவிடுவேன். காய்ச்சல்ல கெடந்தப்பவும் அதையேதான் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பா. ஐயோ, முட்டாப்பய நான். ஆட்டுக்குப் பொறந்த முட்டாப்பய.

இப்ப நீங்க அக்கரையில இறங்குன உடனே வந்து நிப்பா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கிடா செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னா, அவ காதுல அது எப்படி விழும்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம். நீங்க சொல்லவேண்டாம்.

ஏய் இன்னாசி! இன்னாசி! தண்ணி ஏறிருச்சுன்னு பட்டுன்னு எடுத்துறாத, செத்த பொறு! டாக்டரம்மா, அந்தக் குடத்த இங்கிட்டு நகத்துங்க, தொட்டி பூராம் ஊத்துத்தண்ணி நிரப்பி வச்சுட்டு வந்துர்றேன். ரெண்டு நாளைக்குக் காணும். பட்டிய அடைக்கவேண்டாம், தொறந்தே கெடக்கட்டும், அதுக பாட்டுக்கு மேஞ்சுக்கும். மேட்டுல நிக்கிற அந்தக் கிடாப்பயல் பாத்துக்கிருவான். என் துண்டு எங்க? அந்தக் கொடியில கெடக்கு பாருங்க, அத எடுங்க.

ஏசுவா. நல்லா ஏசுவா. ஏசட்டும். நீங்க இறங்குறதுக்கு முன்னால நான் இறங்கி நிக்கிறேன். செத்தது கிடா மட்டுந்தான்னு அவ கண்ணால பாத்துக்கிறட்டும்.